செதிற்பூச்சிகளின் ஆணினத்தை அறியும் வகை

சேலம், நாமக்கல் ஆகிய இரு ஜில்லாக்களின் சமவெளியிற் பிறந்து வளர்ந்த நம் மாணவர்களுள் குச்சிக்கிழங்குக் கொல்லையைக் காணாதார் ஒருவரும் இரார். நூலோர் மரவள்ளி என்று எழுதும் இச்செடி ஆத்தூர், ஏத்தாப்பூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் முதலிய ஊர்ப்புறங்களிற் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பது. இரண்டாம் உலகப் பெரும்போர்க் காலத்தில் மலேயா முதலிய கீழ்த்திசை நாடுகளிலிருந்து சவ்வரிசி வருவது தடைப்பட, அந்தக் குறையை நிரப்ப இங்கே எழுந்த ஆலைத்தொழில் இன்று இச்சீமையின் தனிச்சிறப்பாயிற்று. 1981-ம் ஆண்டில் சேலத்தில் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைந்ததும், 2023-ல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் பலரும் அறிந்தனவே. ஆகவே, குச்சிக்கிழங்குச் செடிக்கு ஒரு நோவு வருமாயின் அஃது உழவன் வீட்டு அடுப்பையும் ஆலைத் தொழிலாளியின் அடுப்பையும் ஒருங்கே தொடும்.

அவ்வாறு வந்த நோவுகளுள் தலையாயது மாவுப்பூச்சி. இலையின் அடிப்பக்கத்திலும் குருத்திலும் பச்சரிசி மாவைத் தூவினாற்போல அப்பிக் கிடக்கும் இதனை எல்லாரும் அறிவர். ஆனால் அந்த வெள்ளைத் திரளினருகே சிறிது நேரம் பொறுத்து நோக்குவோர் வேறொன்றையுங் காண்பர். கடுகினும் சிறிய இறகுடைய பூச்சிகள் சில அங்கே நடக்கும், பறக்கும், மாவின்மேல் ஏறியிறங்கும். இவை யாவை? மாவுப்பூச்சியைக் கொல்லவந்த நண்பர்களா, வேறொரு பகைவரா, அன்றி அந்த மாவுப்பூச்சியின் கணவன்மார்களா? இவ்வினாவிற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடை தவறின், தன் துணைவரையே மருந்தடித்துக் கொன்றுவிட்டு உழவன் வறிதே நிற்க நேரிடும்.

மாவுப்பூச்சி என்பது செதிற்பூச்சிகள் என்னும் பெருங்குடும்பத்தின் ஒரு கிளை. அசுவினி, வெள்ளை ஈ ஆகியவற்றுக்கு உறவான இக்குடும்பத்தில் அரக்குப்பூச்சி உண்டு. கள்ளிச் செடியின்மேல் வாழ்ந்து செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சி உண்டு. கரும்பின் கணுவில் ஒட்டிக்கிடக்கும் செதிற்பூச்சியும், விதைக்காக அடுக்கி வைத்த குச்சிக்கிழங்குத் தண்டின்மேல் வெண்சிப்பி போலப் படியும் செதிற்பூச்சியும் உண்டு. இவையனைத்திலும் நாம் காண்பது பெண்ணையே. அதற்கு இறகில்லை. தலை, மார்பு, வயிறு என்னும் பாகுபாடும் தெளிவாய் இராது. மாவுப்பூச்சிப் பெண்ணுக்குக் கால்கள் உள. ஆயினும் மெல்லவே ஊரும். சிப்பிச் செதிலின் பெண்ணுக்கு முதற் பருவம் நீங்கியபின் காலும் இல்லை. ஊசி போன்ற வாயைத் திசுவிற் செலுத்திச் சாற்றை உறிஞ்சியபடியே அது வாழ்நாள் கழிக்கும். கிரேக்க மொழியில் 'கொக்கோஸ்' என்றால் மணி அல்லது வித்து என்று பொருள். அச்சொல்லினின்று இப்பூச்சிகட்குப் பெயரிட்டமைக்குக் காரணம், பண்டையோர் இவற்றைச் செடியில் விளைந்த மணிகள் என்றே கருதியமைதான். அசையாதிருக்கும் ஒரு பொருளை உயிருள்ள பூச்சி என்று நம்புவது எவர்க்கும் எளிதன்று.

இத்தகைய பெண்ணுக்கு வாய்த்த ஆணோ உருவில் அவளுக்கு எள்ளளவும் ஒவ்வாதது. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டி இவை ஓரினத்தின் ஆணும் பெண்ணும் என்று கூறினால், முதலாம் ஆண்டு மாணவர் நம்மை ஐயுற்று நோக்குவர். குஞ்சுப் பருவத்தில் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். முட்டையினின்று வெளிவந்து தவழுங் குஞ்சுகளில் ஆண் இது, பெண் இது என்று கைவில்லை கொண்டு கூறுதல் இயலாது. இரண்டாம் பருவத்தில்தான் வழிகள் பிரியும். பெண்குஞ்சு அதே வடிவிற் பெருத்துக்கொண்டே போகும். ஆண்குஞ்சு உண்பதை நிறுத்தி, மெழுகு நூலால் ஒரு வெண்கூடு கட்டி அதனுள் அடங்கும். அக்கூட்டினுள் இரண்டு பருவங்கள் உண்ணாமலே கழியும். முன்னதில் இறகின் மொட்டுகள் அரும்பும். பின்னதில் அவை நீளும். பட்டுப்பூச்சியின் கூட்டுப் பருவத்தை இது நினைப்பூட்டும். அசுவினிக்கும் வெட்டுக்கிளிக்கும் இத்தகைய கூட்டு வாழ்வு இன்மையால், செதிற்பூச்சியின் ஆணை எவ்வகுப்பிற் சேர்ப்பது என்று பழைய பூச்சிநூலார் மயங்கியதில் வியப்பில்லை.

கூட்டினின்று ஆண் வெளிவரும் முறையும் வேடிக்கையானது. பிற பூச்சிகள் தலையை முன்னிட்டு வெளிப்பட, இது பின்னோக்கி நகர்ந்து வால்புறம் முதலாக வெளிவரும். பப்பாளி மாவுப்பூச்சியில் இக்கூடுகள் இலையடியில் வெண்பஞ்சுத் துணுக்குகளாகக் காணப்படும். அவற்றுள் ஒன்றை ஊசியாற் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பான உடல் கிடக்கும். பெண்ணோ மஞ்சள். ஒரே இலையில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக இரண்டு நிறங்களைக் கண்டு, இவை இருவேறு இனங்கள் என்று கருதிவிடுதல் கூடாது.

இனி, வெளிவந்த ஆணின் அங்க இலக்கணத்தைச் சற்று விரிவாகக் கூறுவாம். இதற்குப் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று போதும். நுண்ணிய உறுப்புகளைக் காணவேண்டின் நுண்பெருக்காடி வேண்டும்.

உடல் நீண்டு ஒடுங்கியது. பப்பாளி மாவுப்பூச்சியின் பெண் ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டர் நீளமுள்ள தடித்த முட்டை வடிவினளாக, ஆணோ ஒரு மில்லிமீட்டர் அளவினதாய், மார்பில் மட்டும் அகன்று, இரு முனையும் குறுகியிருக்கும். பெண்ணிற் காணாத தலை, மார்பு, வயிறு என்னும் மூன்று பிரிவுகளும் இதில் தெளிவாய் விளங்கும். பறப்பதற்குரிய தசைகளைத் தாங்க வேண்டியிருத்தலின் மார்பின் தோல் கடினமுற்றுக் கருமை சார்ந்திருக்கும்.

இறகு ஒரே இணை. இதுவே முதற் குறி. பாற்கண்ணாடி போல வெளிறிய அவ்விறகில் கிளைக்கும் நரம்புகள் இரண்டே, வலைப்பின்னல் கிடையாது. ஓய்ந்திருக்கும்போது அவற்றை முதுகின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாய்ப் படுக்கவைக்கும். பின்னிறகு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு தண்டு மட்டும் நிற்கும். அதன் நுனியில் வளைந்த முள் ஒன்றோ சிலவோ அமைந்து, பறக்குங்கால் முன்னிறகின் ஓரத்திலுள்ள மடிப்பிற் கொளுவிக்கொள்ளும். சில இனங்களில் ஆணுக்கும் இறகு குறைந்தோ முற்றும் இன்றியோ போவதுண்டு. அரக்குப்பூச்சியில் இறகுள்ள ஆணும் இறகில்லா ஆணும் ஆகிய இருவகையும் உள. ஆகையால் இறகின்மை ஒன்றே கொண்டு ஆணன்று என முடிவுகட்டல் ஆகாது.

இரண்டாவது குறி வாய், அதாவது வாயில்லாமை. முதிர்ந்த ஆணுக்கு உறிஞ்சுங் குழலும் இல்லை, மெல்லுந் தாடையும் இல்லை. அது யாதொன்றையும் உண்பதில்லை. பிற பூச்சிகளுக்கு வாய் அமையும் தலையின் அடிப்பக்கத்தில் இதற்கு ஓரிணைக் கண்கள் அமைந்துள்ளன! வாயிருந்த இடத்திற் கண்ணை வைத்துக்கொண்டு அலையும் இவ்வுயிரை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது. மற்றோரிணைக் கண்கள் தலையின் மேற்புறத்தில் உள. இவையெல்லாம் தனித்தனிக் கண்கள். ஈக்கும் தும்பிக்கும் உள்ளாற்போன்ற ஆயிரம் முகப்புடைய கூட்டுக்கண் அல்ல. மேலும் கீழும் கரும்புள்ளிகளாகத் தெரியும் இக்கண்களைக் கண்டபின் ஐயத்திற்கு இடம் சிறிது.

இதற்கு விலக்கும் உண்டு. 1928-ல் நீலகிரியில் வேலமரத்தினத்தைச் சார்ந்த வாட்டில் மரங்களிற் கண்டுபிடிக்கப்பட்ட ஐசீரியா என்னும் பெருஞ்செதிற்பூச்சியும் அதன் கிளையினவும் செதிற்பூச்சிகளுள் தொன்மையானவை. அவற்றின் ஆணுக்குக் கூட்டுக்கண் உண்டு. எனினும் எம் சமவெளிக் குச்சிக்கிழங்கிற் காண்பவற்றுக்கு மேற்கூறிய விதியே பொருந்தும்.

உணர்கொம்புகள் நீண்டு, மயிரடர்ந்து, பெரும்பாலும் பத்துக் கணுக்களையுடையன. மணிகள் கோத்த நூல்போல அவை முன்னோக்கி நீளும். பெண் வெளியிடும் மணத்தைக் காற்றிற் பற்றி அவளிருக்குமிடம் சேர்வதற்கு இவையே கருவி. அந்த மணப்பொருளைச் செயற்கையாக ஆக்கிப் பொறியில் வைத்து, வரும் ஆண்களை எண்ணிப் பூச்சியின் பெருக்கத்தை மதிப்பிடும் முறை மேல்நாட்டுப் பழத்தோட்டங்களில் வழக்கிலிருக்கின்றது. அங்கே பொறியின் பசையிற் சிக்குவது ஆண் மட்டுமே. எனவே ஆணின் வடிவை அறியாதவன் அப்பொறியைத் தொங்கவிட்டும் பயனில்லை.

கால்களை நோக்குங்கால் அடிப்பாதம் ஒரே கணுவாயும் அதன் நுனியில் ஒரே நகமாயும் இருக்கும். இச்சிறு குறிப்பை மாணவர்கள் மறத்தலாகாது. இது பின்னர்ப் பெரிதும் பயன்படும். கடைசியாக வால். மாவுப்பூச்சி, மெல்லோட்டுப் பூச்சி, அரக்குப்பூச்சி ஆகியவற்றின் ஆணுக்கு வயிற்றின் நுனியிலிருந்து உடலினும் நீண்ட இரண்டு வெண்மெழுகு இழைகள் புறப்படும்; இனத்திற்கேற்ப அவை இரண்டிணையாதலும் உண்டு. பறக்கும்போது அவை பட்டத்தின் வால்போலப் பின்தொடரும். சிப்பிச்செதில் வகையின் ஆணுக்கோ இவ்விழைகள் இல்லை. அதற்கீடாக, கூரிய ஊசிபோன்ற நீண்ட புணர்ச்சியுறுப்பின் உறை ஒன்று பின்னே நீட்டிக்கொண்டிருக்கும். செதிலின்கீழ் மறைந்திருக்கும் பெண்ணை எட்டவேண்டியிருத்தலின் இந்நீளம் இன்றியமையாததாயிற்று. ஆகவே வாலைப் பார்த்த அளவிலேயே, இவ்வாண் இலையிலுள்ள மாவின் இனமா, தண்டிலுள்ள சிப்பியின் இனமா என்று ஓரளவு கூறிவிடலாம். மெழுகிழை எளிதில் ஒடியுமாதலால், சாராயத்திலிட்டு வைத்த உருவில் அது காணாதொழியினும் உயிருள்ளபோது பார்த்தவர் தவறார்.

இவ்விலக்கணங்களைக் கையிற் கொண்டு கொல்லைக்குட் செல்வோம். ஆங்கு நம்மை மயக்குவோர் நால்வர்.

அவருள் முதல்வரும் முக்கியரும் ஒட்டுண்ணிக் குளவிகள். இவை அளவில் மாவுப்பூச்சி ஆணையே ஒப்பன. மாவின்மேல் ஏறியிறங்குவதும் அதனைப் போன்றதே. ஆயினும் குளவிக்கு இறகு நான்கு. பின்னிணை சிறிதாயினும் உண்டு. உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். அதனால் மாவுப்பூச்சியின் முதுகைத் தட்டித்தட்டிச் சோதிக்கும். தலையின் இருபுறமும் பெரிய கூட்டுக்கண்கள் உள; மெல்லும் தாடையும் உண்டு. வாலில் வெண்ணிழை இல்லை. நடையும் வேறு: குளவி சுறுசுறுப்பாய் ஓடும்; தொட்டால் துள்ளித் தெறிக்கும். ஆணோ தள்ளாடி நடந்து, மெல்லிய காற்றுக்கே அலைப்புண்டு செல்லும். குளவி முட்டையிட்ட மாவுப்பூச்சி நாளடைவிற் பழுப்பேறிப் பீப்பாய்போல் உப்பிக் காய்ந்து, முடிவில் வட்டமான துளையொன்றுடன் கூடாய்க் கிடக்கும். ஆண் வெளிவந்த கூடோ பஞ்சு. அதில் அரிந்த துளை இராது. பூச்சியே கண்ணிற் படாத வேளையிலும் இவ்விரு கூடுகளையுங் கொண்டு யார் வந்து போயினர் என்று உணரலாம்.

அடுத்தது சிற்றீக்களின் இனம். மாவுப்பூச்சியின் முட்டையைத் தின்னும் புழுக்களையுடைய கொசு போன்ற சிறு ஈக்கள் அத்திரள்களிடையே திரிவதுண்டு. ஈக்கும் இறகு ஓரிணையே, பின்னிறகின் இடத்தில் குமிழ்த்தண்டே; எனவே இறகை மட்டும் எண்ணுபவர் இங்கே வழுக்கி விழுவர். ஆனால் ஈயின் பாதம் ஐந்து கணுக்களும் இரண்டு நகங்களும் உடையது. செதிற்பூச்சி ஆணின் பாதமோ ஒரு கணுவும் ஒரு நகமும் உடையது. மேலே மறக்கலாகாதென்றது இதற்காகவே. கூட்டுக்கண்ணும் ஈயைக் காட்டிக்கொடுக்கும்.

வெள்ளை ஈ குச்சிக்கிழங்கில் தேமல் நோயைப் பரப்புவதாகலின் அதனை உழவர் நன்கறிவர். நான்கு இறகும், அவற்றின்மேற் பூசிய வெண்பொடியும், கூரைபோற் சரிந்த அமைப்பும் கொண்டு அது பிரிந்து நிற்கும். இறகுள்ள அசுவினிக்கும் இறகு நான்கு. முதுகின் பின்புறத்து இரண்டு சிறு குழல்களும் கண்டால் ஐயமில்லை. இவ்விருவரும் உறிஞ்சுங் குழல் உடையோர் என்பதும் நினைவிலிருத்தல் நலம்.

இம்மட்டும் கூறியது கணவனையும் நண்பனையும் பிரித்தறியும் முறை. ஆனால் ஆணை அறிவதனால் விளையும் பயன் இதனோடு முடிவதன்று. மாவுப்பூச்சிகளுள் எவ்வினம் வந்துள்ளது என்பதற்கும் ஆண் ஒரு சான்றாவான். இதனை விளக்க ஆப்பிரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறல் வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோப் பகுதிகளிற் குச்சிக்கிழங்கைப் புதியதொரு மாவுப்பூச்சி பாழ்படுத்தலாயிற்று. 1977-ல் மத்தீல் பெரேரோ என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர் அதற்குப் பீனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிட்டார். செடி தென்னமெரிக்காவிலிருந்து வந்தமையால் பூச்சியும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டுமென்றும், அதன் பகைவரும் அங்கேயே இருப்பரென்றும் கருதி ஆராய்ச்சியாளர் தேடிச் சென்றனர். தென்னமெரிக்காவின் வடபாகத்திற் குச்சிக்கிழங்கின்மேல் மாவுப்பூச்சி கிடைத்தது. தோற்றத்தில் அதுவே இது என்று சொல்லும்படி இருந்தது. அதன்மேல் வாழ்ந்த ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொணர்ந்து ஆப்பிரிக்கப் பூச்சியின்மேல் விட, அவை அதனை ஏற்கவில்லை. காரணம் பின்னர் வெளியாயிற்று: வடபாகத்துப் பூச்சி வேறினம். 1981-ல் காக்ஸ், வில்லியம்ஸ் என்னும் இருவர் அதற்குப் பீனகாக்கஸ் ஹெரனி என்று தனிப்பெயர் சூட்டினர். நிறத்தில் அது மஞ்சள், ஆப்பிரிக்காவிற்குச் சென்றது இளஞ்சிவப்பு. இதனினும் ஆழ்ந்த வேறுபாடு ஒன்றுண்டு. ஹெரனிக்கு ஆண் உண்டு. மனிஹோட்டிக்கோ ஆண் என்பதே இல்லை. கலவியின்றியே பெண் பெண்களையே ஈன்று பெருகும்.

அதே 1981-ல் அந்தனி பெலாட்டி என்பவர் பராகுவே நாட்டில் உண்மையான மனிஹோட்டியைக் கண்டார். அங்கிருந்து பெறப்பட்ட அனாகைரஸ் லோபெசி என்னும் குளவி அவ்வாண்டின் இறுதியிலேயே நைஜீரியாவில் விடப்பட்டு, சில ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் குச்சிக்கிழங்குப் பகுதிகளில் எங்கும் பரவிப் பூச்சியை அடக்கியது. இம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். உருவொப்புமையை நம்பித் தவறான இனத்தைத் தொடர்ந்தமையால் அங்கே காலம் வீணானதை எண்ணும்போது, ஓர் இலையில் ஆண் உண்டா இல்லையா என்னும் கேள்வி அற்பமானதன்று என்பது புலனாம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2008-ம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியிற் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலிற் காணப்பட்டது. மெக்ஸிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகவுடைய இது பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு எனப் பல செடிகளிலும் ஏறி, கொங்குநாடு முழுதும் பரவிப் பேரிழப்பை உண்டாக்கியது. 2010-ல் பெங்களூரிலுள்ள தேசியப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைக் குளவிகளைத் தருவித்தனர். அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் மஞ்சட் குளவி மிக நன்றாக நிலைபெற்றது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தப் பப்பாளி மாவுப்பூச்சிக்கு ஆண் உண்டு.

பத்தாண்டுகள் கழிந்தபின், 2020-ல், ஆண் இல்லாத அந்த மனிஹோட்டியே கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியிற் காணப்பட்டது. அதனையடுத்துச் சேலம், நாமக்கல் கொல்லைகளிலும் பரவிற்று. நுனியிலைகள் சுருண்டு, கணுவிடை குறுகி, குருத்துக் கொத்தாகத் திரண்டு நிற்பதே அதன் அடையாளம். மேற்கூறிய நிலையத்தார் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-ல் லோபெசிக் குளவியைத் தருவித்து வளர்த்து, 2022 மார்ச்சு மாதத்தில் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் உழவர்கள் கூடியிருக்க வெளியிற் பறக்கவிட்டனர். ஆப்பிரிக்காவைக் காத்த குளவியின் வழித்தோன்றல் நம் ஆத்தூர்ச் சாலையோரத்துக் கொல்லையிற் பறப்பதை நம் மாணவர் எவரும் சென்று காணலாம்.

பப்பாளிப் பூச்சிக்கு ஒரு குளவி, மனிஹோட்டிக்கு வேறொரு குளவி. ஒன்றிற்குரியது மற்றொன்றிற்கு உதவாது. எனவே எக்கொல்லையில் எது இருக்கின்றதென அறிந்தாலன்றி எக்குளவியை விடுவதெனத் தீர்மானித்தல் இயலாது. இங்கேதான் ஆண் சான்று கூறுகின்றான். இலையின் அடியிற் பஞ்சுக் கூடுகளும், ஒற்றையிணை இறகும் வெண்வாலும் உடைய ஆண்களும் காணப்பட்டால், அத்திரளில் மனிஹோட்டியல்லாத வேறினம் ஒன்றேனும் உண்டென்று துணிந்து கூறலாம். அது பப்பாளி மாவுப்பூச்சியாயிருக்கலாம். முதுகில் இரு கரும்பட்டைகளையும் பின்னே நீண்ட வாலிழைகளையும் கொண்ட வரிமாவுப்பூச்சியாயும் இருக்கலாம். இக்கூற்றைத் தலைகீழாக்கிக் கொள்ளுதல் மட்டும் தகாது. ஆணைக் காணவில்லை, ஆகவே இது மனிஹோட்டி என்று முடிவு செய்வது தர்க்க சாஸ்திரத்திற்கும் அடாது, பூச்சி நூலுக்கும் அடாது. முதிர்ந்த ஆண் ஒரு நாளோ சில நாட்களோ மட்டும் உயிர்வாழ்வதால், நாம் சென்ற நாளில் அவன் இல்லாமற் போயிருக்கலாம். ஒரே செடியில் இரண்டினமும் கலந்து வாழ்வதும் உண்டு. இத்தகைய ஐயத்திற்கு எளிய துணைச் சோதனை ஒன்றுள்ளது: பெண்பூச்சிகளைச் சாராயத்தில் இட்டுவைத்தால் பப்பாளி மாவுப்பூச்சி ஓரிரு நாட்களில் நீலங்கலந்த கருநிறம் அடையும்.

பூச்சியின் இனத்தைத் தவறாகக் கொண்டதனால் வந்த விளைவு நம் சென்னை இராசதானிக்கும் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இங்கே கொச்சினீல் வளர்த்துச் சாயத்தொழிலை நிறுவப் பெரிதும் முயன்றார். 1795-ல் பிரேசில் நாட்டிலிருந்து இந்தியா வந்து சேர்ந்த பூச்சியை நற்சாயம் தரும் உயர்ந்த கொச்சினீல் என்று கொண்டனர். வந்ததோ அதனைப் போன்ற காட்டினம், சாயம் தாழ்ந்தது. சாயத்தொழில் எழவில்லை, ஆனால் அப்பூச்சி ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்றே தீர்த்தது. இதனைக் கண்டு 1836 முதல் 1838 வரை தென்னாட்டில் கள்ளியை ஒழிக்கவென்றே அதனைப் பரப்பினர். பின்னர் மற்றொருவகைக் கள்ளி பெருகியபோது இதே பூச்சி உதவவில்லை. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனத்தைக் கொணர வேண்டியதாயிற்று. பிழை ஒருகால் நன்மையாய் முடிந்ததென்று மகிழ்வோர் மகிழ்க. சாயத்தை நம்பி முதலிட்டவர்கள் மகிழ்ந்திரார்.

ஆணை அறிதலில் இடர்ப்பாடு உண்டென்பதையும் மறைத்தல் நேர்மையன்று. செதிற்பூச்சிகளின் வகைப்பாடு முழுதும் பெண்ணின் உடலமைப்பையே அடித்தளமாகக் கொண்டு எழுந்தது. இலங்கையில் வாழ்ந்த எட்வர்ட் எர்னஸ்ட் கிரீன் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்ட இலங்கைச் செதிற்பூச்சி நூலும், கோயம்புத்தூரிற் பணியாற்றிய டி. வி. இராமகிருஷ்ண ஐயரவர்கள் 1940-ல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சியியற் கைந்நூலும் நம் பக்கத்திற்குப் பெருந்துணையானவை. ஆயினும் ஆணின் உடலமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு முறைப்பட ஆய்ந்த பெருநூல்கள் 1960-களிலேதான் மிகுதியாய் வரத் தொடங்கின. காவ்ரி என்பார் 1962-ல் வெளியிட்டது அவற்றுள் ஒன்று. பெண்ணோடு சேர்த்துப் பிடிக்கப்படாத தனி ஆணுக்கு இன்னும் பல வேளைகளில் இனப்பெயர் கூறமுடிவதில்லை. குடும்பத்தை மட்டுமே கூறலாம். இது கருதியே, ஆணைப் பிடிப்போர் அது தங்கிய இலையையும் உடன்கொணர்தல் வேண்டுமென்கின்றோம்.

அதற்குரிய முறை எளிது. பஞ்சுக் கூடுகள் நிறைந்த இலையொன்றைக் காம்போடு பறித்து, காம்பில் ஈரப்பஞ்சு சுற்றி, அகன்ற வாயுள்ள கண்ணாடிக் குப்பியிலிட்டு, மெல்லிய மல்துணியால் வாயைக் கட்டி, வெயில் படாத சன்னலோரம் வைத்தல் வேண்டும். வெளிவரும் ஆண்களும் குளவிகளும் வெளிச்சத்தை நாடித் துணியின் அடிப்பக்கத்திற்கோ கண்ணாடியின் ஒளிபடும் பக்கத்திற்கோ ஏறும். ஈரமாக்கிய மயிர்த்தூரிகையின் நுனியால் அவற்றைத் தொட்டெடுத்துச் சாராயத்தில் விடலாம். விரலாற் பிடித்தால் நசுங்கிப்போம். குப்பியின்மேல் ஊர், செடி, நாள் ஆகிய மூன்றையும் பென்சிலாலெழுதிய சீட்டு இடுதல் தவறலாகாது. மையெழுத்துச் சாராயத்திற் கரைந்துவிடும். நாள்தோறும் காலையில் ஒருமுறை குப்பியைப் பார்த்தல் நன்று. நேற்று வெளிவந்த ஆண் இன்று மாலைக்குள் இறந்து சுருண்டு போகக்கூடும். அதன்பின் வாலிழையும் ஒடிந்துவிடும், கண்ணும் தெளிவாய்த் தெரியாது.